குமிழி வரலைன்னு வாளியைக் கொட்டிடாதீங்க

இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன். விற்காம நாமளே குடிக்கறதுக்கு வீட்டுல பீர் காய்ச்ச 1963-லிருந்து இங்கே லைசென்ஸ் தேவையில்லை. போன ஜனவரியில முதல் தடவை இறங்கினேன். 1.7 கிலோ மால்ட் (முளைகட்டின பார்லிப் பாகு) டின் ஒண்ணு, ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் வரைக்கும் தண்ணி. தண்ணியை விட எவ்வளவு அடர்த்தின்னு மிதந்து காட்டுற ஹைட்ரோமீட்டர் 1.040 காட்டுச்சு; சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். ஈஸ்ட்டைத் தூவி, பிளாஸ்டிக் வாளியை மூடி, மேலே ஏர்லாக்கை, அதாவது உள்ளே உருவாகுற வாயுவைத் தண்ணி வழியா குமிழியா வெளியே விடுற அடைப்பானைச் செருகினேன்.

மூணு நாள் ஆச்சு, ஒரு குமிழி கூட இல்லை. "ஈஸ்ட் செத்துப்போச்சு, கொட்டிடு"ன்னு நண்பன் சொன்னான். மனசு கேக்கலை, மூடியைத் திறந்தேன். சுருக்னு மூக்கில ஏறுச்சு, அதுக்குப் பின்னாடி ரொட்டி வாசனை. வாளியோட உள்சுவர்ல, பீருக்குக் கொஞ்சம் மேலே, ரெண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பா நுரை காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு, பால் பொங்கி அடங்கின பாத்திரம் மாதிரி. அளந்தா 1.019. பாதி வேலை முடிஞ்சே போச்சு!

அப்போ காத்து எங்கே போச்சு? மறுபடி மூடி, விளிம்பைச் சுத்தி சோப்புத் தண்ணி தடவினேன். கைப்பிடி பக்கத்துல ஒரே ஒரு இடத்துல நுரை மெல்ல ஊதிக்கிட்டு வந்துச்சு. வாளி மூடி நிறைய இப்படித்தான், முழுசா இறுகாது. நோகாம வெளியேற வழி இருக்கும்போது வாயு ஏர்லாக் தண்ணியைத் தள்ளிக்கிட்டா போகும்?

அடுத்த தடவை இதுக்கு நேர்மாறா ஏமாந்தேன். அஞ்சாம் நாள் குமிழி நின்னுச்சு. முடிஞ்சதுன்னு நம்பி, அளக்காம பாட்டில்ல அடைச்சேன். உண்மையில ராத்திரிக் குளிர்ல ஈஸ்ட் அசந்து தூங்கியிருக்கு. மிச்ச சர்க்கரையோட, பாட்டில்ல கேஸுக்காக நான் போட்ட சர்க்கரையும் சேர்ந்து, பத்து நாள்ல மாடிப்படிக்குக் கீழ் அலமாரியில ஒரு பாட்டில் வெடிச்சுது. செருப்புக்குள்ளெல்லாம் கண்ணாடித் துண்டு. குழந்தை அங்கேதான் ஷூ எடுக்கும். அன்னிக்கு எனக்குக் கை நடுங்கினது இன்னும் மறக்கலை.

குளிர்ல இட்லி மாவு பொங்கலைன்னா, ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ளே வைப்போம் இல்லையா? வாளிக்கும் அந்தக் கவனிப்புதான். 19, 20 டிகிரி இருக்குற இடத்துக்கு நகர்த்தி, அடியில படிஞ்ச ஈஸ்ட் கொஞ்சம் எழும்புற அளவுக்கு மெதுவா ஒரு சுழற்று. ரெண்டு நாள் பொறுங்க.

குழாய் வழியா கொஞ்சம் பிடிச்சு அளங்க. ஹைட்ரோமீட்டரை ஒரு தடவை சுழற்றி விடுங்க; ஒட்டின குமிழி அதைத் தூக்கிவிட்டா அளவு கூடுதலாக் காட்டும். அளந்ததைத் திரும்ப வாளியில ஊத்தாதீங்க. ரெண்டு நாள் இடைவெளியில அதே எண், அதுவும் 1.010 பக்கத்துல வந்தா, அடைக்கலாம். பச்சையாவோ கறுப்பாவோ பூஞ்சை முளைச்சிருந்தா மட்டும் யோசிக்காம கொட்டிடுங்க.

இப்போ ஒரு வாளி ஓடுது. ஆறாம் நாள், 1.014. ஏர்லாக் அசையவே இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி அளப்பேன்.