புதுப்பிப்பு: ஜப்பானிய மொழியில் பட்டமா, தேர்வு மட்டுமா?

ஜப்பானிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா, தனியாகப் படித்து ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதினால் போதுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலர் தேர்வே போதும் என்றீர்கள். நான் டெல்லி ஜேஎன்யூவில் இளங்கலை சேர்ந்தேன், முதலாண்டு முடிந்துவிட்டது.

ஜேஎல்பிடி தேவைதான், வேலைக்கு அந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, கையால் எழுதுவதும் கிடையாது, விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டும். ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் 2,136 உள்ளன. கையால் எழுதிப் பழகியவைதான் எனக்கு மனதில் நிற்கின்றன.

நான் எதிர்பார்க்காத அளவு பிடித்துப்போனது வரலாற்றுப் பாடம். ஹெயான் காலத்தில் (ஏறக்குறைய 8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) ஆண்கள் அரசு ஆவணங்களைச் சீன நடையில் எழுதிக்கொண்டிருக்க, அரசவைப் பெண்கள் ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் நாட்குறிப்பும் கதையும் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் ஜப்பான் கொண்டாடுவது அந்தப் பெண்களின் எழுத்தைத்தான். இதையெல்லாம் தேர்வுக் கையேட்டில் நான் எங்கே படித்திருப்பேன்?

அப்புறம், உதவித்தொகை பற்றிக் கேட்டவர்களுக்கு: ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஜப்பானியவியல் என்று ஒரு பிரிவு உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழி, பண்பாடு படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கானது. ஏறக்குறைய ஓராண்டு அங்கே படித்துவிட்டு, திரும்பி வந்து இங்கே பட்டத்தை முடிக்க வேண்டும். தனியாகப் படிப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. நான் விண்ணப்பிக்கப் போகிறேன். இடையில் டிசம்பரில் ஜேஎல்பிடியும் எழுதுகிறேன்.