‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’: குறிப்பு பொது, கதையும் பொதுவா?

மாதவி: 2013 டிசம்பரில் தென்கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரை நானும் விரும்பியே பார்த்தேன், ஆயினும் அது முழுக்கப் புதிய கற்பனை என்று இங்கே சிலர் எழுதுவதை ஏற்க இயலவில்லை. 1609இல் ஜோசன் நாட்டுக்கு, அதாவது அன்றைய கொரியாவுக்கு, வந்த வேற்றுக்கோள் மனிதன், மூப்படையாமல் நானூறு ஆண்டுகள் வாழ்ந்து, அன்று தனக்கு அன்பான சிறுமியின் சாயலில் இருக்கும் நடிகையைக் காதலிக்கிறான். காங் கியோங்-ஓக் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரையத் தொடங்கிய ‘சொல்ஹீ’ என்னும் மான்ஹ்வாவிலும் (கொரியப் படக்கதை) அதே 1609, அதே நீண்ட இளமை, முற்பிறவிக் காதலின் சாயலில் ஒரு நடிகர்.

திருமலை: ஜோசனை ஆண்ட குவாங்ஹேகுன் மன்னரின் காலத்து அரசவை நாட்குறிப்பிலேயே, காங்வோன் மாகாணத்தின் பல ஊர்களில் விந்தையான ஒளியும் இடியோசையும் தோன்றியதாக 1609ஆம் ஆண்டுப் பதிவு உள்ளது. ஒரே கிணற்றில் நீர் இறைத்த இருவரில் பின்னால் வந்தவரைத் திருடர் என்பீர்களா?

மாதவி: அந்தக் கிணற்றில் நீர் மட்டும்தானே இருந்தது! யாங்யாங்கில் ஒரு வீட்டு முற்றத்தில் முகம் கழுவும் பாத்திரம் போன்ற பொருள் ஒளிர்ந்தது, காங்னுங்கில் பெரிய குடுவை போன்ற ஒன்று பறந்தது என்றெல்லாம் பதிவு சொல்கிறதே தவிர, எவரேனும் இறங்கினார் என்றோ, இன்றுவரை உயிரோடு திரிகிறார் என்றோ சொல்லவில்லை.

திருமலை: வானத்தில் ஏதோ வந்தது என்றால், அதில் யாரோ வந்தார் என்பது எந்த எழுத்தாளருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். நீண்ட ஆயுளும் மனிதக் காதலும் கொரியாவின் ஒன்பது வால் நரிக் கதைகளில் பழகிப்போனவை. மேலும், மான்ஹ்வாவில் மூப்படையாதவள் ஒரு பெண். தொடரிலோ மூன்று மாதத்தில் தன் கோளுக்குத் திரும்ப வேண்டிய ஆணும், அவனைத் திணறடிக்கும் நடிகை சொன் சொங்-யியின் நகைச்சுவையும், ஒரு கொலையின் மர்மமும் கதையை நடத்துகின்றன. காங் 2014இல் தொடருக்கு எதிராகத் தொடுத்த பதிப்புரிமை வழக்கை அதே ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாதவி: திரும்பப் பெற்ற வழக்கில் தீர்ப்பு ஏது? அது இரு தரப்பில் எவரையும் மெய்ப்பிக்காது.

கயல்: சட்டம் கருத்தைக் காப்பதில்லை, அதன் வெளிப்பாட்டையே காக்கிறது என்பதால் திருமலை சொல்வது நீதிமன்றத்தில் நிற்கக்கூடும். ஆனால் தொடரின் எழுத்தாளர் பார்க் ஜி-உன் அந்த மான்ஹ்வாவைப் படித்ததில்லை என்று மறுத்ததோடு விவாதம் முடிந்துவிடாது. முந்தைய படைப்பை அணுக வாய்ப்பிருந்ததும், இரண்டுக்கும் இடையே ஒற்றுமை இருப்பதும் காட்டப்பட்டால், கொரிய நீதிமன்றங்கள் அதைச் சார்ந்தே எழுதப்பட்டது என்று ஊகிக்கக்கூடும்.

திருமலை: பழைய ஏடுகளிலிருந்து கதை பின்னுவது பார்க்கின் வழக்கம். 2016இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் தி புளூ சீ’ தொடருக்கும் ஜோசன் காலத்து யூ மோங்-இன் எழுதிய ‘ஓஉ யாதாம்’ நூலே தூண்டுதல் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

மாதவி: அந்த எடுத்துக்காட்டு என் பக்கமே சாய்கிறது. கடற்கன்னிகளைக் கடலில் விடுவித்த கிம் தாம்-ரியோங் என்னும் அதிகாரி அந்த நூலிலேயே இருக்கிறார். தொடர் அவரைப் பெயரோடும் செயலோடும் எடுத்துக்கொண்டது. 1609ஆம் ஆண்டுப் பதிவில் அப்படி ஒரு மாந்தரைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.