நீண்ட இழைப் பருத்தி விரிப்புகள்: பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

கோவையில் ஒரு பஞ்சாலையின் பஞ்சுப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில்தான் சுவின் பருத்தி எனக்கு அறிமுகமாயிற்று. பேலிலிருந்து (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியிலிருந்து) சிறிது பஞ்சைப் பிடுங்கி, இரு கை விரல்களுக்கிடையே திரும்பத் திரும்ப இழுத்து நேராக்கி, இழையின் நீளத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கம். மற்ற ரகங்கள் 30 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிட, சுவின் அதை வெகுவாகத் தாண்டி நீளும். அதன் மினுமினுப்பும் தனி. எகிப்தியப் பருத்தியின் வழிவந்த சுஜாதாவையும், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து, 1974இல் கோவையில் வெளியிடப்பட்ட ரகம் அது. விளைய நீண்ட காலம் எடுத்துக்கொண்டு, குறைவாகவே மகசூல் தருவதால், ஆத்தூர்ப் பக்கத்து உழவர்கள் அதைக் கைவிட்டுப் பிற பயிர்களுக்கு மாறியதில் எனக்கு வியப்பில்லை.

இழை நீளமாக இருந்தால் நூலில் ஒன்றோடொன்று அதிகம் தழுவி நிற்கும். ஆகவே முறுக்கைக் குறைத்தாலும் நூல் அறுவதில்லை, வெளியே நீட்டும் நுனிகளும் குறைகின்றன. பல முறை துவைத்த பிறகும் விரிப்பில் பஞ்சு உருண்டைகள் எழாமலிருப்பதற்குக் காரணம் இதுதான். நூறாம் நம்பர் நூலுக்கு (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும்) இத்தகைய பஞ்சுதான் ஏற்றது.

சென்னையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

மேற்கண்ட விளக்கத்தோடு என் அனுபவமும் ஒத்துப்போகிறது. ஆயிரம் இழை எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள நூல்களின் எண்ணிக்கை) என்று அட்டையில் அச்சிட்டிருந்த விரிப்பு ஒன்று, கடையில் வழுவழுப்பாக இருந்து, சில சலவைகளிலேயே சொரசொரப்பாகி, கோடைப் புழுக்கத்தில் கம்பளியைப் போலக் கனத்தது. இரு நூல்களைச் சேர்த்து முறுக்கிய இரட்டைப் புரி நூலை இரண்டாகக் கணக்கிட்டு எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவதும், சிலிக்கோன் பூச்சால் மென்மையை வரவழைப்பதும் இத்தொழிலில் உண்டு என்பதைப் பின்னர் ஒரு நெசவாளர் விளக்கினார். அவர் சொற்படி வாங்கிய, அறுபதாம் நம்பர் ஒற்றைப் புரி நூலில் சாதா நெசவாக நெய்த முந்நூறு எண்ணிக்கை விரிப்பு, காற்றோட்டமாகவும் துவைக்கத் துவைக்க மென்மையாகவும் இருக்கிறது. துண்டுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: எவ்வளவு உயர்ந்த பருத்தியானாலும், துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினால் அது இழைமேல் படிந்து ஈரம் உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.