மதமில்லாத வீட்டில் துக்கத்தை எப்படிக் கடப்பது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
போன மாதம் அப்பா தவறிவிட்டார். அவர் விருப்பப்படி சடங்கு எதுவும் செய்யவில்லை. 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே கண் வங்கிக்குத்தான் போன் செய்தேன். அதில் நிம்மதிதான். ஆனால் சாயங்காலம் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றும்போது மனசு வெறுமையாகிவிடுகிறது. ஏழு வயது மகள், "தாத்தா இப்போ எங்கே?" என்கிறாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

பதில் (வேலந்தாவளம்):
அக்கா, "தாத்தா இனி வரமாட்டார், அவர் கண்ணால் வேறொருவர் பார்க்கலாம்" என்றே சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். எங்கள் அம்மா நினைவு நாளில் தோட்டத்தில் வேலை செய்பவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். 1917இல் கேரளத்துச் செறாயியில் சாதி ஒழிப்புக்காகப் போராடிய சகோதரன் அய்யப்பன் நடத்திய சமபந்தியிலிருந்து எடுத்துக்கொண்டது. அதற்காக அவரைச் சாதியை விட்டே ஒதுக்கினார்கள். நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லையே.

பதில் (குப்பம்):
வெறுமைக்கு மனிதர்கள்தான் மருந்து. விஜயவாடா நாத்திக மையத்தைப் பாருங்கள். நாத்திகத் தம்பதி கோராவும் சரஸ்வதி கோராவும் 1940இல் முதுனூர் கிராமத்தில் தொடங்கியது, பிறகு விஜயவாடாவுக்கு மாறியது. தீண்டாமை ஒழிப்பு, கலப்பு மணம் என்று ஊர் வேலையாகவே வாழ்ந்தார்கள். அப்புறம், விளக்கு உங்களுக்குப் பிடித்தால் ஏற்றுங்கள். வெளிச்சம் எந்த மதத்துக்கும் சொந்தமில்லை.

கேட்டவர்:
நன்றி. மகளிடம் நேற்று இரவு உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு தாத்தாவின் சைக்கிளைத் துடைக்கலாமா என்று கேட்டாள். இரண்டு பேரும் துடைத்தோம்.