லடாக் ஹான்லேல சாரிட்டி கபடி மேட்ச், 12 பேர், ஒருத்தனுக்கும் மலை பழக்கம் இல்ல. எப்படி ரெடி ஆகுறது?

அல்சூர்_ரெய்டர்:

வணக்கம் மக்களே. நாங்க பெங்களூர்ல அல்சூர், லிங்கராஜபுரம் பக்கம் ஞாயித்துக்கிழமை காலைல கபடி ஆடுற கும்பல், பாதி பேர் ஐடி, ரெண்டு பேர் ஆட்டோ ஓட்டுறாங்க, ஒருத்தர் பேங்க் கேஷியர், எல்லாம் நம்ம ஆளுங்கதான். பொங்கல் அன்னைக்கு டீக்கடைல நின்னுட்டு இருக்கும்போது எவனோ ஒருத்தன் லடாக் போய் கபடி ஆடி காசு சேர்க்கலாம்டான்னு விளையாட்டா சொன்னது, இப்ப நெஜமாவே செப்டம்பர்ல போறோம்னு ஆயிடுச்சு. ஏரியால இருக்கிற தமிழ் மீடியம் கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு கபடி மேட்டும் ஷூவும் வாங்கித்தரணும், அதுக்குத்தான் கலெக்ஷன். ஹான்லேல உள்ளூர் பசங்களோட ஒரு மேட்ச், 20 நிமிஷம் 20 நிமிஷம், முழு ஆட்டம்.

பிளான் இப்படி இருக்கு: பெங்களூர் டெல்லி லே ஃப்ளைட், மறுநாள் ரெஸ்ட், மூணாவது நாள் நேரா ஹான்லே, நாலாவது நாள் மேட்ச், அஞ்சாவது நாள் ரிட்டர்ன். லீவு அவ்ளோதான் கிடைக்குது. ப்ராக்டிஸுக்கு கப்பன் பார்க்ல ஓடுறோம், சனிக்கிழமை சனிக்கிழமை நந்தி ஹில்ஸ் படி ஏறுறோம், ஒருத்தன் ஆன்லைன்ல ஆல்டிட்யூட் மாஸ்க்னு ஒன்னு வாங்கி அதை மாட்டிட்டு ஓடுறான், பாக்க பயமா இருக்கு.

இதெல்லாம் போதுமா? இன்னொரு விஷயம், இதைக் கேக்கத்தான் முக்கியமா வந்தேன். எங்க கேப்டன் அண்ணனுக்கு 46 வயசு, பிபி மாத்திரை சாப்பிடுறார். ஆட்டத்துல இன்னும் எங்களை எல்லாம் தூக்கி சாப்பிடுவார். ஆனா அவர் மேல வர்றது சரியான்னு எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரு உதறல். அண்ணே நீங்க வேணாம்னு சொல்ல எவனுக்கும் வாய் வரல, எனக்கு ரெய்டு சொல்லிக்குடுத்ததே அவர்தான்.

---

ஓரமா_நிக்கிறேன்:

தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, 12 பேர் லடாக் போய் வர்ற காசுக்கு அந்த மேட்டையும் ஷூவையும் நேராவே வாங்கிக் குடுத்துடலாமே? சாரிட்டின்னு பேர் போட்டு ஊர் சுத்துற கதை நெறைய பாத்தாச்சு.

---

ஜெயநகர்_நாடோடி:

மேல இருக்கிறவர் கேக்குறது நியாயமான கேள்வி, அதுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க. நான் மலை பத்தி மட்டும் பேசுறேன்.

உங்க பிளான் டேஞ்சர். சும்மா பயமுறுத்தல, பெங்களூர் சுமார் 920 மீட்டர், லே 3,500, ஹான்லே ஊர் 4,300 கிட்ட. நீங்க மூணாவது நாளே அங்க தூங்கப் போறீங்க. 3,000 மீட்டருக்கு மேல தூங்குற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் சும்மா இருங்கன்னுதான் எல்லாரும் சொல்றது. ஃபுட்பால்ல லா பாஸ் ஸ்டேடியம் 3,600 மீட்டர், அங்க ஆடப்போற டீமுங்களே நாக்கு தள்ளுதுன்னு கதறுறாங்க, நீங்க அதுக்கும் 700 மீட்டர் மேல போய் மூச்சைப் புடிச்சுப் பாடுற விளையாட்டு ஆடப்போறீங்க. உலகத்துல அத்தனை விளையாட்டு இருக்க இதையா புடிச்சீங்கன்னு சிரிப்பு வருது, ஆனா ஐடியா எனக்குப் புடிச்சிருக்கு.

2009 ஏப்ரல்ல எவரெஸ்ட் பக்கத்துல கோரக் ஷெப்ல, 5,165 மீட்டர்ல, இங்கிலாந்து ஆளுங்க சாரிட்டிக்காக டி20 கிரிக்கெட்டே ஆடியிருக்காங்க. ஆனா கீழ லுக்லாங்கற ஊர்ல இருந்து நாள்கணக்கா நடந்து போனாங்க, அந்த நடைதான் அவங்க ப்ராக்டிஸே. நீங்க கார்ல போறீங்க, கார் ஏறிடும், உடம்பு ஏறாது.

நந்தி ஹில்ஸ் படி காலுக்கு நல்லது, விடாதீங்க. ஆனா அது 1,478 மீட்டர்தான், ரத்தத்துக்கு ஒன்னும் தெரியாது. ஊட்டில ரெண்டு நாள் தங்கிட்டு வந்தா பழகிடுமான்னு அடுத்து கேப்பீங்க, அதுவும் இல்ல. தொட்டபெட்டா உச்சியே 2,637தான். அந்த மாஸ்க் மூச்சு இழுக்க கஷ்டமாக்கும், காத்துல அழுத்தத்தைக் குறைக்காது, ரெண்டும் வேற வேற. தம்பிகிட்ட சொல்லி ஓஎல்எக்ஸ்ல போடச் சொல்லுங்க.

முடிஞ்சா ஸ்ரீநகர் வழியா ரோட்ல போங்க. ஸ்ரீநகர் 1,600க்கு கிட்ட, கார்கில் 2,700க்கு கிட்ட, அங்க ஒரு ராத்திரி, அப்புறம் லே. மணாலி ரோடு வேணாம், நடுவுல சர்ச்சுங்கற இடத்துல தூங்க வச்சா 4,200 மீட்டருக்கு மேல தலைவலியோட விடிய விடிய முழிச்சிருப்பீங்க. லேல முழுசா மூணு நாள். அப்புறம் சிந்து நதி ஓரமாவே போற ரோட்ல சுமாத்தாங், அது சுமார் 4,000, வெந்நீர் ஊத்து இருக்கு, அங்க ஒரு ராத்திரி. அப்புறம் ஹான்லே. அங்கயும் வந்த மறுநாள் ஆடாதீங்க. லீவு இல்லேன்னா ஹான்லேவ விட்டுட்டு லேலயே ஆடுங்க, அதுவும் யாருக்கும் குறைச்சல் இல்ல.

சில்லறை விஷயம்: ப்ரீபெய்ட் சிம் நம்ம ஊர்ல வாங்கினது அங்க வேலை செய்யாது, டீம்ல நாலு பேராவது போஸ்ட்பெய்ட் மாத்திக்கோங்க. ஹான்லேக்கு பெர்மிட் விஷயத்துல இப்ப என்ன ரூல்னு போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ஃபாரின்ல இருக்கிற மாமா பையன் சாட்டிலைட் மெசேஞ்சர் குடுத்தான்னு எடுத்துட்டு போகாதீங்க, லைசன்ஸ் இல்லாம இந்தியால வச்சிருந்தாலே கேஸ்.

---

ராத்திரி_டியூட்டி:

நான் டாக்டர், ஆனா உங்க அண்ணனைப் பாக்காம அவர் போலாமா வேணாமான்னு இங்க உக்காந்து சொல்ல மாட்டேன். பிபி கண்ட்ரோல்ல இருந்தா நெறைய பேர் போய்ட்டு வர்றாங்க. அவர் ஒரு கார்டியாலஜிஸ்ட்டைப் பாத்து ட்ரெட்மில் டெஸ்ட் எடுக்கட்டும், எந்த மாத்திரைன்னு சொல்லிக் கேக்கட்டும், சில பிபி மாத்திரை நெஞ்சுத்துடிப்பை ஏற விடாது, மேல அது தொல்லை. தானா நிறுத்தக்கூடாது. இன்னொன்னு, 46 வயசு அண்ணனைப் பத்தி மட்டும் கவலைப்படுறீங்க, எனக்கு பயம் 24 வயசு பையன் மேலதான். ஃபிட்னஸ் இருந்தா மலை நோய் வராதுங்கறது பொய். நல்லா ஓடுறவன்தான் எனக்கு ஒன்னும் இல்லன்னு முதல் நாளே குதிச்சு மாட்டிப்பான். வந்ததும் உடம்பை முறுக்குறதுதான் நுரையீரல்ல நீர் கோக்குறதுக்கு ஒரு முக்கிய காரணம்.

போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பாருங்க. ரத்த சோகையோட மேல போனா டபுள் கஷ்டம், ரெண்டு மாசம் இருந்தா சரி பண்ணிடலாம்.

மலை நோய் வராம இருக்கப் போடுற டயமாக்ஸ் மாத்திரை பத்தி கேப்பீங்க. வழக்கமா 125 மில்லிகிராம் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, ஏறுறதுக்கு முந்தின நாள்ல இருந்து. சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடக்கூடாது. விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அடிக்கடி பாத்ரூம் வரும், சோடா குடிச்சா கேவலமா இருக்கும், பயப்படாதீங்க. பெங்களூர்லயே ஒரு ரெண்டு நாள் போட்டுப் பாத்துடுங்க. முக்கியமா, உங்க டீம்ல எவனாவது ஸ்டேட் லெவல், லீக்னு பதிவு பண்ணி ஆடுறவன் இருந்தா ஜாக்கிரதை, அந்த மருந்து டையூரெடிக், அதாவது சிறுநீரைக் கூட்டுறது, ஊக்கமருந்தைத் தடுக்கிற உலக அமைப்பு வாடாவோட (WADA) தடை லிஸ்ட்ல இருக்கு. சாரிட்டிக்கு போய்ட்டு டோப்பிங்ல மாட்டினா வீட்ல கூட நம்ப மாட்டாங்க.

லேல விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் பாக்குற ஆக்சிமீட்டர்ல 95 எல்லாம் தேடாதீங்க, 85, 88 எல்லாம் அங்க சாதாரணம். நம்பரை விட ஆளைப் பாருங்க. தலைவலியோட வாந்தி வந்தா மேல ஏறக்கூடாது. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல், இல்ல குடிகாரன் மாதிரி தள்ளாடுறான்னா அது எமர்ஜென்சி, நேர்கோட்டுல ஒரு கால் விரல் நுனியை ஒட்டி அடுத்த கால் குதிகாலை வச்சு நடக்கச் சொல்லுங்க, முடியலேன்னா அந்த நிமிஷமே கீழ இறக்குங்க, ராத்திரி 2 மணியா இருந்தாலும். லேல எஸ்என்எம் ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா ஹான்லேல இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல. அதனால ஆக்சிஜன் சிலிண்டர் லேல வாடகைக்கு எடுத்து வண்டில வச்சுக்கோங்க, ஒரு வண்டி எப்பவும் டீசல் போட்டு டிரைவரோட ரெடியா நிக்கணும், எல்லா வண்டியும் ஏரி பாக்க போயிடக்கூடாது.

---

மண்தரை:

தம்பி, நான் ஓசூர்ல 30 வருஷமா பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக்குடுக்கிறவன். மலையெல்லாம் தெரியாது, கபடி தெரியும்.

20க்கு 20 மறந்துடுங்க. 5 நிமிஷம் 5 நிமிஷம், நடுவுல பத்து நிமிஷம் உக்காருங்க. ரெய்டு 30 செகண்டுன்னு இருக்கிறதை 15 ஆக்குங்க, ரெண்டு டீமும் முன்னாடியே ஒத்துக்கிட்டா என்ன தப்பு. பாட்டு விடாம பாடணும்னு அங்க பிடிவாதம் வேணாம், ஒரு தடவை வாய்விட்டு சொன்னா போதும்னு வச்சுக்கோங்க, இல்லேன்னா ரெய்டர் கோட்டைத் தாண்டினதுமே வாயைப் பொளந்து நிப்பான். ஒரு ரெய்டு போனவன் அடுத்து மூணு ரெய்டுக்குப் போகக்கூடாது. நம்ம ஊர்ல ரெண்டு நிமிஷத்துல மூச்சு திரும்பும், அங்க திரும்பாதுன்னு இவங்க சொல்றதைப் பாத்தாலே தெரியுது. 12 பேரையும் மாத்தி மாத்தி விடுங்க.

பிடியும் மாத்தணும். கணுக்காலைப் புடிக்கிற ஆங்கிள் ஹோல்ட், தொடையைப் புடிக்கிற தை ஹோல்டுன்னு ஒருத்தன் தனியா தொங்குறது வேணாம், கை கோத்து செயின் போட்டு நாலு பேரா அமுக்குங்க, கீழ விழும்போது மெதுவா விழலாம். அங்க சரளைக்கல்லு தரையா இருக்கும். மேட் கொண்டு போறீங்களா? முழு கோர்ட் 13க்கு 10, 130 சதுர மீட்டர், எப்படி தூக்குவீங்க? அந்த ஊர்க்காரங்களைக் கேட்டு மணல் இருக்கிற இடமா பாத்து, முந்தின நாளே கல்லு பொறுக்கிப் போடுங்க, அது ஒரு நல்ல வார்ம்அப்பும் ஆகும். குளிர்ல சதை இறுகி இருக்கும், வெறும் பனியனோட நின்னு ஃபோட்டோ எடுக்கிற வேலை வச்சுக்காதீங்க.

கேப்டன் விஷயம். அவரை வேணாம்னு சொல்லாதீங்க, வெளில நின்னு விசில் ஊத அவரை விட ஆள் யாரு? ஆட்டத்தை நிறுத்துற அதிகாரம் அவருக்கு, அவருக்கு மட்டும். ஆடுறவன் கைல அந்த அதிகாரம் இருந்தா நிறுத்தவே மாட்டான், நானும் ஆடினவன்தான், எனக்குத் தெரியும். ஒரு வருஷம் தோள் கழண்டதோட ஃபைனல் ஆடினேன், இன்னைக்கும் மழை வந்தா வலிக்குது.

---

கணக்குப்பிள்ளை:

கலெக்ஷன் பத்தி ரெண்டு வரி. நன்கொடைக்கு வரிக் கழிவு வாங்க 80ஜி ரசீது கேப்பாங்க, அது பதிவு பண்ணின ட்ரஸ்ட்தான் குடுக்க முடியும், உங்க ஜிபே நம்பர் குடுக்காது. 2,000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா அவங்களுக்கு கழிவு கிடையாது, புது டாக்ஸ் ரெஜீம்ல இருக்கிறவங்களுக்கு எப்படி குடுத்தாலும் கிடையாது, அதையும் சொல்லிடுங்க, அப்புறம் மார்ச்ல வந்து சண்டை போடுவாங்க. அமெரிக்கால இருக்கிற ஃப்ரெண்ட் அனுப்புறான்னா அவன் இந்தியன் பாஸ்போர்ட்டா, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின ஓசிஐயான்னு கேளுங்க, ஓசிஐன்னா ஃபாரின் காசுக் கணக்கு, வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ அனுமதி இருக்கிற ட்ரஸ்ட் வேணும்.

---

அல்சூர்_ரெய்டர்:

எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி பூரா படிச்சுட்டு க்ரூப்ல போட்டேன், ஒரே களேபரம்.

ஓரமா_நிக்கிறேன் ப்ரோ, கோவம் வந்துச்சு முதல்ல, அப்புறம் யோசிச்சா நீங்க கேட்டதையே எல்லாரும் மனசுல கேப்பாங்க. ஃப்ளைட், வண்டி, ரூம் எல்லாம் அவனவன் சம்பளத்துல. ஆட்டோ ஓட்டுற ரெண்டு பேருக்கு மட்டும் மத்தவங்க நாங்க பங்கு போடுறோம், கலெக்ஷன்ல இருந்து பத்து பைசா தொடல. கலெக்ஷன் பேஜ்ல முதல் வரியே அதான்னு மாத்திட்டோம். நேரா வாங்கிக் குடுக்கலாமேன்னா, குடுக்கலாம், ஆனா உங்களையும் சேத்து யாரும் எங்களுக்கு காசு தர மாட்டீங்களே!

நாள் கூட்டிட்டோம், ஸ்ரீநகர் வழியா மொத்தம் 11 நாள். மூணு பேருக்கு லீவு கிடைக்காதுன்னு கழண்டுட்டாங்க, ஒன்பது பேர் போறோம். 5க்கு 5தான். மாஸ்க் தம்பி இன்னும் மாஸ்க்கை விடல.

அண்ணன்கிட்ட நான்தான் போய் பேசினேன். அல்சூர் ஏரி பக்கம் நடந்துட்டே சொன்னேன், ஒரு ரவுண்டு முடியற வரைக்கும் ஒன்னும் பேசல. அப்புறம் கேட்டார், விசில் யார் வாங்குறதுன்னு. டெஸ்ட்டுக்கு புதன்கிழமை போறார், ரிசல்ட் சரியில்லேன்னா லேலயே தங்கி ஃபோன்ல கத்துவேன்னு சொல்லிருக்கார்.

---

ஹொஸகோட்டை_வாசி:

லேட்டா பாத்தேன். நீங்க போற ஹான்லேல 4,500 மீட்டர்ல ஒரு டெலஸ்கோப் இருக்கு, ரெண்டு மீட்டர் கண்ணாடி, அதை இயக்குறது பெங்களூர் பக்கம் எங்க ஊர் ஹொஸகோட்டைல இருந்து, சாட்டிலைட் லிங்க்ல. கோரமங்களால ஆபீஸ் இருக்கிற இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அஸ்ட்ரோஃபிசிக்ஸ்தான், நம்ம வாணியம்பாடி பக்கம் காவலூர் அப்சர்வேட்டரியும் அவங்களுதே. ராத்திரி அந்தப் பக்கம் ஹெட்லைட் அடிச்சுட்டு போகாதீங்க, இருட்டைக் காப்பாத்துற ஏரியா அது.

---

அல்சூர்_ரெய்டர்:

அட, அப்ப நாங்க ஆடுறதை ஹொஸகோட்டைல இருந்தே பாக்கலாமா?

---

ஹொஸகோட்டை_வாசி:

அது நட்சத்திரத்தை மட்டும்தான் பாக்கும் குரு, நீங்க போஸ்ட்பெய்ட் சிம்ல வீடியோ எடுத்து அனுப்புங்க.