ராஜ்மா விதையுறை வெட்டில் மணற்கடிகைச் செல்களே இல்லை. பாலிசேடு (உறையின் வெளிப்புறச் செல் அடுக்கு) இரண்டு வரிசை. எங்கே பிழை?

கேள்வி:
ராஜ்மாவை 12 மணி நேரம் ஊறவைத்து, விதையோடு சேர்த்து பிளேடால் கையால் வெட்டினேன். 0.05% டொலுயிடின் நீலச் சாயம், 1 நிமிடம். புத்தகப் படத்தோடு மூன்று இடத்தில் ஒத்துவரவில்லை.
பாலிசேடுக்குக் கீழே மணற்கடிகைச் செல்கள் (ஆஸ்டியோஸ்கிளிரைடு) இல்லை. சில வெட்டுகளில் பாலிசேடு இரண்டு வரிசை, வெட்டு மடிந்துவிட்டதா? சூலில் (விதையாக மாறும் பகுதி) உறை இரண்டு இருக்க, விதையில் உள்ளுறை எங்கே போனது?

பதில் 1:
வெட்டு சரி, படம்தான் வேறு செடியுடையது. பட்டாணியிலும் சோயாவிலும் இரண்டாம் அடுக்குச் செல்கள் நடுவில் ஒடுங்கி, இடையிடையே காற்றிடம் விட்டு நிற்கும். ராஜ்மாவில் அதே அடுக்கு ஒடுங்காமல் பட்டகம்போல் நெருக்கமாக இருக்கும். செல்லுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் கிடக்கும். போலராய்டு தாள் இரண்டை ஒளிமூலத்துக்கு மேலே ஒன்றும் கண்ணருகே ஒன்றுமாகக் குறுக்காக வைத்துப் பாருங்கள், படிகங்கள் பளிச்சென்று தெரியும். மணற்கடிகை வடிவமே வேண்டுமென்றால் சோயாவை வெட்டுங்கள்.

இரண்டு வரிசை வந்த வெட்டுகள் விதைத்தழும்பு (விதை காம்போடு ஒட்டியிருந்த இடம்) வழியாகப் போனவையா?

கேட்டவர்:
ஆம், தழும்புப் பக்கம்தான். நடுவில் ஒரு பிளவும் உண்டு.

பதில் 2:
அப்படியானால் மடிப்பில்லை. உள்வரிசைதான் விதையுறையின் பாலிசேடு, வெளிச்சூலுறையின் மேற்தோலிலிருந்து வந்தது. வெளிவரிசை சூல்காம்புத் (சூலைக் காயோடு இணைக்கும் காம்பு) திசுவிலிருந்து வந்த எதிர்ப்பாலிசேடு. தழும்பில் மட்டுமே இருக்கும். பிளவின் கீழே தடித்த சுவருள்ள டிரக்கீடுகள் (நீர் கடத்தும் வகைச் செல்கள்) திரண்டு நிற்கும், அவை நீலப்பச்சையாகச் சாயமேறும். அந்தப் பிளவு சும்மா இல்லை: உலர்ந்த காற்றில் திறந்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும், ஈரக்காற்றில் மூடிக்கொள்ளும். லூப்பின், கிளோவர் விதைகளில் 1954-இல் ஹைட் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். கடினவிதை (நீர் புகாத உறையுள்ள விதை) மேலும் மேலும் வறண்டு போவது இதனால்தான்.

உள்சூலுறை தொலையவில்லை, நசுங்கிவிட்டது. கரு பெரிதாகும்போது அது சிதைந்து போகும். முதிர்ந்த உறை முழுவதும் வெளிச்சூலுறையின் வேலை. இரண்டையும் பார்க்க, பூத்த சில நாட்களிலேயே காய்களை எடுத்து, திசு கெடாமலிருக்க இந்தக் கலவையில் நிலைப்படுத்துங்கள்: 50% எத்தனால் 90 மி.லி., ஃபார்மலின் 5, அசிட்டிக் அமிலம் 5 (ஃபார்மலினுக்குக் கையுறை, காற்றோட்டம் கட்டாயம்).

இன்னொன்று: பாலிசேடின் மேல்பகுதியில், எல்லாச் செல்களிலும் ஒரே உயரத்தில் ஒரு பளபளப்பான கோடு ஓடும். அது ஒளிக்கோடு. விரிசலென்று எண்ணி ஸ்லைடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரிசல் கோணலாக, இடையில் அறுந்து போகும்.

கேட்டவர்:
வெட்டும்போது உறை கழன்று விடுகிறதே?

பதில் 1:
விதையோடு வெட்டாதீர்கள், வித்திலை வழுக்கிக்கொண்டு போகும், உறை தங்காது. தழும்புக்கு எதிர்ப்புறம் கீறி உறையை உரித்து, சிறு துண்டைக் கேரட்டில் பிளந்த பள்ளத்தில் செருகி, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். புது பிளேடு, மழுங்கினால் பாலிசேடு செல்கள் சாய்ந்து கிழியும். ஊறாமல் கல்லாகவே இருக்கும் விதைகளையும் கீறி மறுபடி ஊறவையுங்கள். சிவப்பு உறையில் இருக்கும் டானின் சாயத்தை மறைத்துவிடும் என்பதால் வெள்ளை ரகம்தான் எனக்குப் பிடித்தம்.