ஸ்பைடர்மேன் திரைப்பட உரிமையை மார்வெலிடம் சோனி திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா?

செழியன்:
2019 ஆகஸ்டில் சோனிக்கும் டிஸ்னிக்கும் இடையிலான பேச்சு முறிந்தபோதே, ஸ்பைடர்மேனை டிஸ்னியின் கையில் உள்ள மார்வெலிடம் சோனி ஒப்படைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2002 முதல் 2014 வரை சோனி தானே எடுத்த ஐந்து படங்களில் ஒன்றுகூட நூறு கோடி டாலர் வசூலைத் தொடவில்லை. சோனிக்காக மார்வெல் ஸ்டூடியோஸ் படம் தயாரிக்க 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதன் தலைவர் கெவின் ஃபைகி தயாரித்த இரண்டாவது படம் 2019இல் அந்த எல்லையைத் தாண்டியது. பாத்திரத்தைப் படைத்த நிறுவனத்துக்கே அதை வளர்க்கத் தெரிந்திருக்கிறது.

அருள்மொழி:
செழியன் அவர்களே, அந்த உரிமையை மார்வெலிடமிருந்து யாரும் பறிக்கவில்லை, மார்வெலே விற்றது. 1985இல் கேனன் என்ற திரைப்பட நிறுவனம் அதை 2,25,000 டாலருக்கு வாங்கியது. படம் எடுக்கப்படாமலே உரிமை கரோல்கோ என்ற மற்றொரு திரைப்பட நிறுவனத்துக்குக் கைமாறி, பல நிறுவனங்கள் சொந்தம் கொண்டாடிய வழக்குகளில் சிக்கிக்கொண்டது. இதற்கிடையே 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு தாக்கல் செய்தது. 1999இல் சிக்கல் தீர்ந்து சோனி உரிமை பெற்றபோது, ஸ்பைடர்மேன் படம் ஓடும் என்று எவராலும் உறுதி கூறியிருக்க முடியாது. இழப்பு நேர்ந்தால் தாங்க வேண்டியவர் சோனி என்றிருந்தபோது ஒதுங்கி நின்றவர்கள், 2002இல் முதல் படம் 82 கோடி டாலர் ஈட்டிய பிறகு உரிமை கோருவது எவ்வகையில் நியாயம்? மேலும், பொம்மை, உடை முதலியவற்றின் விற்பனையில் சோனிக்கு இருந்த பங்கையும் 2011இல் டிஸ்னி வாங்கிவிட்டது. அதன் பிறகும் 2019இல் படச் செலவிலும் வருவாயிலும் சரிபாதி கேட்டதாகவே அன்றைய செய்திகள் கூறின.

செழியன்:
ஒப்பந்தம் செல்லாது என்று நான் கூறவில்லை. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில் உள்ள, குறித்த காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற நிபந்தனை, நல்ல கதை கிடைக்கும்வரை காத்திருக்க விடாமல் தயாரிப்பாளரை விரட்டுகிறது. மார்வெலின் மற்றொரு காமிக்ஸான ஃபென்டாஸ்டிக் ஃபோரின் திரைப்பட உரிமையை வைத்திருந்த கான்ஸ்டான்டின் நிறுவனம், அது காலாவதியாகும் தறுவாயில், 1992 இறுதியில், ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவில் ஒரு படத்தை அவசரமாகத் தொடங்கியது. அதில் நடித்தவர்களின் உழைப்பு திரையரங்கையே காணவில்லை.

கயல்விழி:
இருவருமே நிறுவனங்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். 1962இல் ஸ்பைடர்மேனைப் படைத்தவர்கள் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும். கொடுத்த உரிமையைக் குறித்த காலத்துக்குப் பின் படைப்பாளி தரப்பு மீட்க இடமளிக்கும் அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, டிட்கோவின் பங்கை மீட்க அவருடைய வாரிசு தரப்பு 2021இல் அறிவிப்பு அனுப்பியது. அது கூலிக்குச் செய்த வேலை, எனவே உரிமை தனக்கே என்று கூறி மார்வெல் வழக்குத் தொடுத்தது. 2023 டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த முகமூடியையும் உடையையும் வரைந்த கைக்கு இந்த வசூலில் உரிமையான பங்கு இல்லை என்பதே எனக்குப் பெரிய அநீதியாகத் தெரிகிறது.

அருள்மொழி:
கயல்விழி கூறுவதை ஏற்கிறேன். அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. வரைந்தவரின் வாரிசிடம் ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் காட்டி உரிமையைக் காத்துக்கொண்ட மார்வெல், தானே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சோனி காட்டும்போது படைப்பாளியின் இடத்தில் நின்று பேச முடியாது.